செல்ஃப் கொடுத்ததும் பழைய டீசல் வண்டியில் மொத்த மின்சாரமும் போய்விடுகிறது. எங்கே தேடுவது?

பேட்டரிக் கடைக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். நீங்கள் சொல்வது இதுதான்: இருபது வயதான டீசல் வண்டி, சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிந்தன, செல்ஃப் கொடுத்தபோது 'டக்' என்று ஒரே சத்தம், அத்துடன் ஹாரன், உள்விளக்கு, ஹெட்லைட் எல்லாம் போயின, கொஞ்ச நேரம் கழித்து எதையும் தொடாமலே எல்லாம் திரும்பி வந்தன.

அந்தக் கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. பேட்டரி இறங்கிப்போயிருந்தால் விளக்கு மங்கும், செல்ஃப் முனகும், ரிலே படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒரேயடியாக இருண்டு, பிறகு தானாக உயிர் பெறுகிறது என்றால், பெரும்பாலும் வழியில் ஏதோ ஓர் இணைப்பு விட்டுப்போகிறது.

டேஷ்போர்டு விளக்குகளுக்கு ஒன்றிரண்டு ஆம்பியர் போதும். பழைய டீசல் எஞ்சினின் அழுத்த விகிதமோ (சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) 20:1ஐ ஒட்டி இருக்கும். பெட்ரோல் எஞ்சினைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதைச் சுழற்ற செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியருக்கு மேலேயே இழுக்கும். பேட்டரியின் டெர்மினலுக்கும் அதைக் கவ்வும் கேபிள் முனையான கிளாம்புக்கும் நடுவில் பொடி பூத்திருந்தால், ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் போகும், லாரி போகாது என்கிற நிலைதான். அந்த இடம் சூடாகித் தொடர்பு அறுகிறது; ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. செல்ஃப் வரை போகாமல், ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் சூடாகும் கட்டத்திலேயே எல்லாம் அணைகிறதென்றால் இணைப்பு இன்னும் மோசம். நான்கு பிளக்குகளும் சேர்ந்தே 40 ஆம்பியருக்குக் குறையாமல் கேட்கும்.

என் வண்டியில் இதே கோளாறு வந்தபோது, பெங்களூரு அல்சூரில் நான் வழக்கமாகப் போகும் தமிழ் எலக்ட்ரீஷியன் மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. என்னை ஒரு முறை செல்ஃப் கொடுக்கச் சொன்னார். உடனே இரண்டு கிளாம்புகளையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு பேட்டரித் தட்டுக்குக் கீழே, மைனஸிலிருந்து வரும் எர்த் கேபிளை பாடியோடு முடுக்கியிருக்கும் இடத்துக்குக் கையைக் கொண்டுபோனவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அந்த போல்ட் பார்வைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினால், கேபிள் முனையின் வளையமான லக்கின் அடியில் தகடு துருவேறி, சுற்றிலும் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி. கேபிள் உறையைக் கீறியபோது செம்பு கறுத்துப்போய், இழைகள் விரலோடு உதிர்ந்து வந்தன. பேட்டரியிலிருந்து பல வருடங்களாகக் கசிந்த ஆசிட் செய்த வேலை. பானெட்டைத் திறந்து டெர்மினலை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இது படவே படாது.

கையில் மீட்டர் இருந்தால், எல்லாம் செத்துக்கிடக்கும் அந்த நேரத்திலேயே அளந்துவிடுங்கள். ஊசிகளைக் கிளாம்பில் வைக்காதீர்கள். பேட்டரியின் டெர்மினல்களான ஈயக் குமிழ்களிலேயே வையுங்கள். ஹெட்லைட் சுவிட்சைப் போட்டுவிட்டு, ஒருவரை செல்ஃப் கொடுக்கச் சொல்லுங்கள். வண்டி இருண்டுகிடக்கும்போதும் மீட்டர் 12.5 வோல்ட் காட்டினால் பேட்டரி நிரபராதி. சடாரென்று மிகவும் கீழே விழுந்தால் பேட்டரிக்குள்ளேயே செல்களை இணைக்கும் பட்டை விட்டிருக்கலாம். புதுப் பேட்டரியிலும் இது உண்டு. அடுத்து ஒரு ஊசியைக் குமிழிலும் மற்றொன்றை அதே குமிழின் கிளாம்பிலும் வைத்து செல்ஃப் கொடுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட் வந்தாலே அங்கே கோளாறு.

ஆனால் ஒன்று: செல்ஃப் கொடுக்காமல், சும்மா இருக்கும் வண்டியில் டிஜிட்டல் மீட்டரை நம்பாதீர்கள். அது மின்சாரமே இழுக்காது என்று சொல்லலாம். அழுகிப்போன கேபிளின் மறுமுனையிலும் 12 வோல்ட் என்று பெருமையாகக் காட்டும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரைக் கோத்த டெஸ்ட் லாம்ப் அதைவிட நேர்மையான கருவி. பல்பு எரிய ஒன்றே முக்கால் ஆம்பியர் வேண்டும். அதுகூட வராவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

ஜம்பர் கேபிள் இருந்தால் வேலை இன்னும் சுலபம். கறுப்புக் கேபிளின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் குமிழிலும், மறுமுனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் மாட்டுங்கள். வண்டி உயிர் பெற்றால் கோளாறு எர்த் பக்கம்.

பெறாவிட்டால் பிளஸ் பக்கம் வாருங்கள். பேட்டரிக்கு அருகில் இருக்கும் பெரிய ஃப்யூஸையோ ஃப்யூசிபிள் லிங்கையோ (ஃப்யூஸ்போல் உருகும் வயர்த் துண்டு) பாருங்கள். லிங்க் உறைக்குள்ளேயே உருகிவிடும், வெளியே தெரியாது. இழுத்தால் ரப்பர்போல் நீண்டால் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பதிலாகச் சாதாரண வயரைப் போட்டு ஓட்டச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். பிற்பாடு யாராவது பொருத்திய கட்-ஆஃப் சுவிட்சும், மிகப் பழைய ஜீப்களில் டேஷ்போர்டு ஆம்பியர் மீட்டரின் பின்னால் தளர்ந்த நட்டும் இதே வேலையைச் செய்யும். உள்விளக்கும் ஹசார்டும் எரிந்து, டேஷ்போர்டு மட்டும் அணைந்தால் அது வேறு கதை. சாவி சுவிட்சைச் சந்தேகியுங்கள்.

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வதில் பெரும்பாலும் பயனில்லை. பல வண்டிகளில் டீசல் பம்ப்பில் எரிபொருளைத் திறந்துவிடும் மின்காந்த வால்வான சோலினாய்டுக்கே மின்சாரம் வேண்டும். எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிட்டாலும் அப்படியே ஓட்டாதீர்கள். ஓடும்போது அந்த இணைப்பு விட்டால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் எகிறி, பல்புகளையும் டயோடுகளையும் தின்றுவிடும்.

சரிசெய்யும்போது முதலில் மைனஸைக் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்காமலிருக்க அதுதான் வழி. பொடியைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, குமிழையும் கிளாம்பின் உட்புறத்தையும் பளபளவென்று தேய்த்து, முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். கிளாம்ப் தளர்வாக இருந்தால் இடுக்கில் ஆணி அடிக்காமல் கிளாம்பையே மாற்றுங்கள். கேபிளுக்குப் பெங்களூருவில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு போங்கள், 35 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத முழுச் செம்பு என்று கேட்டு, முனையைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்.