நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருகிறது: ஹோமியோபதிக்கு மாறலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. கடந்த ஓராண்டில் நான்கு முறை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் எரிச்சல் அடங்குகிறது. இரண்டு மாதத்தில் திரும்புகிறது. ஹோமியோபதியில் வேரோடு குணமாகும் என்கிறார் நண்பர். ஆங்கில மருந்தை விட்டுவிடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: விட்டுவிடாதீர்கள். ஆனால், வேரைத் தேட வேண்டும் என்று உங்கள் நண்பர் சொல்வது மிகச் சரி. ஆண்களின் சிறுநீர்ப் பாதை நீளமானது என்பதால் கிருமி எளிதில் மேலேறுவதில்லை. அப்படியிருந்தும் ஓராண்டில் நான்கு முறை வந்தால், உள்ளே ஏதோ ஒன்று அதற்கு இடம் கொடுக்கிறது என்று பொருள். உங்கள் வயதில் முதலில் பார்க்க வேண்டியது புராஸ்டேட் சுரப்பியை. அது வீங்கிச் சிறுநீர்ப்பையின் வாயை நெருக்கினால், தேங்கும் நீரில் கிருமி பெருகும். சில வேளைகளில் கிருமி அந்தச் சுரப்பிக்குள்ளேயே குடியேறிவிடும். பல ஆன்டிபயாடிக்குகள் அங்கே போதிய அளவு ஊடுருவாது என்பதால், ஐந்து நாள் மாத்திரைக்கு எரிச்சல் அடங்குமே தவிர, கிருமி முழுவதும் ஒழியாது. அதற்கு உரிய மருந்தை நான்கு முதல் ஆறு வாரம் வரை தொடர வேண்டியிருக்கும். கல், பாதைச் சுருக்கம், கட்டுப்படாத சர்க்கரை ஆகியவையும் காரணமாகலாம்.

ஆகவே, அடுத்த முறை முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே, எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் யூரின் கல்ச்சர் சோதனைக்குச் சிறுநீர் கொடுங்கள். முதலில் வரும் நீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை ஆய்வகம் தரும் மூடியிட்ட டப்பாவில் பிடித்து, தாமதமின்றிச் சேர்ப்பியுங்கள். சிறுநீர் கழித்த பிறகு எடுக்கும் ஸ்கேனும் அவசியம். 'முழுசாப் போயிட்டேன்' என்று உறுதியாகச் சொல்லிவிட்டு வந்து படுப்பவருக்கும், திரையில் சிறுநீர்ப்பை, தேங்கிய நீரால் கறுப்பாக நிறைந்து தெரிவதுண்டு.

இனி ஹோமியோபதி. 1796-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹானிமன் முன்வைத்த, 'ஒத்ததை ஒத்தது குணமாக்கும்' என்ற கொள்கைதான், அதாவது ஓர் அறிகுறியை உண்டாக்கும் பொருளே அந்த அறிகுறியுள்ள நோயைக் குணமாக்கும் என்பதுதான், இதன் அடிப்படை. நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் தரப்படும் கேந்தாரிஸ், உடலில் பட்டால் கொப்புளமும் உட்கொண்டால் சிறுநீர் எரிச்சலும் உண்டாக்கும் ஒரு வண்டிலிருந்து தயாராகிறது. அந்த மருந்தின் முப்பதாம் வீரியம் என்பது நூறில் ஒரு பங்காக முப்பது முறை அடுத்தடுத்துக் கரைத்தது. அப்படித் தயாரித்துத் தரும் உருண்டையில் வண்டின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் இது பயன்படுகிறது என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று அறிவித்தது. ஹோமியோபதி மருத்துவர்கள் நோயாளியின் பேச்சைப் பொறுமையாகக் கேட்பதை நான் மதிக்கிறேன். அந்தப் பொறுமை எங்களுக்கும் வேண்டும். ஆயினும் கிருமியை அந்த உருண்டைகள் கொல்லாது. உங்களுக்குச் சர்க்கரையும் இருப்பதால், காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் தொற்று சிறுநீரகத்துக்கு ஏற வழிவிடும்.

குளிர்க்காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே, நான்கு முறையும் எழுதித் தந்த மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு ஒரு சிறுநீரியல் மருத்துவரைப் பாருங்கள்.