இரவில் மலை ரோட்டில் சைக்கிள் ஓட்ட, குறைந்த விலையில் எந்த லைட் வாங்கலாம்?

தலவாக்கலை டவுனில் கடையில் வேலை, எட்டு மணிக்கு மேல்தான் கடை மூடுகிறது, மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் வந்து பிறகு தோட்டத்து ரோட்டில் லயம் வரை போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். 1000 லூமன் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பலாமா, வீட்டில் கிடக்கும் பழைய டைனமோ போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் இந்தப் பக்கத்து ரோடுகளில் இருட்டில் ஓட்டுகிறவன்தான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கையிலிருக்கும் காசு ஒரு லைட்டுக்குத்தான் காணும் என்றால் பின்னால் மாட்டும் சிவப்பு லைட்டை வாங்குங்கள். முன்னால் வீட்டு டோர்ச்சை ரப்பர் பட்டியால் ஹேண்டிலில் கட்டிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிவிடலாம். பின்னால் வரும் பஸ்காரருக்கு உங்களைக் காட்ட வேறு வழி இல்லை. "மட்கார்ட்டில் ரிஃப்ளெக்டர் இருக்கிறதே" என்பார்கள். ரிஃப்ளெக்டரில் வெளிச்சம் விழுந்தால்தான் அது மின்னும். நம் ரோட்டில் வளைவுக்கு வளைவு வண்டியின் ஹெட்லைட் மண்மேட்டில் விழும், இல்லாவிட்டால் பள்ளத்துத் தேயிலை மலையில் விழும். வண்டி திரும்பி நேராகும்போதுதான் உங்கள் முதுகில் விழும். அதற்குள் வண்டி பக்கத்தில் வந்திருக்கும். நேர் ரோட்டில் ரிஃப்ளெக்டர் நல்ல பொருள், கழற்ற வேண்டாம். பெடலில் இருப்பது இன்னும் நல்லது, ஏறி இறங்கி மின்னுவதால் சைக்கிள் என்று தூரத்திலேயே தெரியும். ஆனால் வளைவு ரோட்டில் தானாக எரிகிற லைட் கட்டாயம் வேண்டும்.

அந்தச் சிவப்பு லைட்டை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். எல்லாரும் சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் மாட்டுவார்கள். மழை வந்ததும் ரெயின் கோட் போடுவோம், அதன் வால் லைட்டை அப்படியே மூடிவிடும். கெரியரில் அரிசிப் பையோ மாவுப் பையோ வைத்தாலும் இதே கதைதான். அதனால் கெரியரின் கடைசிக் கம்பியில், இல்லாவிட்டால் பின் மட்கார்ட்டில் மாட்டுங்கள். மாட்டியதும் ரெயின் கோட்டைப் போட்டு சைக்கிளில் உட்கார்ந்து, பின்னால் யாரையாவது நிற்க வைத்துத் தெரிகிறதா என்று கேட்டுவிடுங்கள். மின்னுகிற லைட் சட்டென்று கண்ணில் படும்; ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று கணக்கிட, நிலையாக எரிவதுதான் ஓட்டுநருக்கு வசதி. பனிமூட்டத்தில் நிலையாகவே விடுங்கள். இரண்டு வாங்க வசதி இருந்தால் ஒன்றை மின்ன விட்டு, மற்றதை நிலையாக விடலாம்.

இனி முன் லைட். லூமன் என்பது லைட்டிலிருந்து வெளியேறும் மொத்த வெளிச்சம். அதில் எவ்வளவு ரோட்டில் விழுகிறது, எவ்வளவு வானத்துக்குப் போகிறது என்று அந்த எண் சொல்லாது. அந்த எண்ணே உண்மையா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. மலிவு லைட்டுகளில் பெரும்பாலும் 18650 என்கிற லித்தியம் பெட்டரி ஒன்றுதான் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் அந்தப் பெயர். நல்லதாக இருந்தால் அதில் பிடிக்கும் சார்ஜ் 3000 எம்.ஏ.எச். அளவு, 3.7 வோல்ட். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சுமார் 11 வாட் அவர், அதாவது 11 வாட்டை ஒரு மணி நேரம் தரும். சாதாரண எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் தரும். ஆக 1000 லூமனுக்கு 10 வாட் வேண்டும், ஒரு மணி நேரத்தில் சார்ஜ் தீர்ந்துவிடும். ஒற்றைப் பெட்டரியில் "1000 லூமன், 8 மணி நேரம்" என்று பெட்டி சொன்னால் இரண்டில் ஒன்றாவது பொய். பெட்டரி மேலேயே 9900 எம்.ஏ.எச். என்று போட்டு வருவதும் உண்டு. அந்த அளவுப் பெட்டரிக்குள் 3500க்கு மேல் போட்டிருந்தாலே நான் சந்தேகப்படுவேன். கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும், நல்லது 45 கிராமாவது வரும். அப்படிப்பட்ட பெட்டரியைக் கட்டிலில் வைத்து இரவு முழுக்க சார்ஜ் போடாதீர்கள். விழித்திருக்கும்போது, சீமெந்துத் தரையில் வைத்துப் போடுங்கள்.

உங்கள் பாதைக்கு உண்மையான 300 லூமன் தாராளம். ஏற்றத்தில் நடக்கிற வேகம்தான், அங்கே பாதி வெளிச்சமே போதும். சார்ஜை இறக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கும்போது லைட்டைப் போட்டு, வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுவில் கண்ணைப் பறிக்கும் ஒரு பொட்டு, சுற்றிலும் மங்கல் வட்டம் என்றால் அது டோர்ச். தூரம் அடிக்கும், ஆனால் ரோட்டோரம் தண்ணீர் ஓடும் கான் தெரியாது. எங்கள் பக்கம் விழுந்து எழும்புகிறவர்களில் பாதிப் பேர் விழுவது அந்தக் கானுக்குள்தான். மேல் ஓரம் மட்டமாக வெட்டியது மாதிரி, பக்கவாட்டில் அகலமாக விழுந்தால் அதை எடுங்கள். வெளிச்சம் முழுக்க ரோட்டிலேயே விழும், எதிரே வருபவர் கண்ணும் கூசாது. ஜெர்மனியில் இப்படி வெட்டிய வெளிச்சம்தான் சட்டம். அந்தத் தரத்து லைட் விலை கூட. இதே மாதிரி மலிவாகவும் வருகின்றன, சுவரில் அடித்துப் பார்த்துத் தேடினால் கிடைக்கும்.

வட்ட லைட் ஏற்கெனவே வாங்கியாயிற்றா? சரி, எறிய வேண்டாம். பழைய சைக்கிள் டியூபில் இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, கண்ணாடிக்கு மேல் தொப்பி விளிம்பு போல நீட்டி ஒட்டுங்கள். மேலே சிதறுவது நிறையக் குறையும். பிறகு சாய்வு பார்க்க வேண்டும். சமதரையில் சைக்கிளைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். லைட் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, சுவரில் வெளிச்சத்தின் நடு அதில் பாதி உயரத்தில் விழ வேண்டும். அப்படியானால் ரோட்டில் 10 மீட்டர் முன்னால் விழும். மணிக்கு 25 கிலோமீட்டரில் இறங்கினால் ஒரு வினாடிக்கு 7 மீட்டர் போகிறோம். குழியைப் பார்த்துக் கை பிரேக்கைப் பிடிப்பதற்குள்ளேயே அந்த 7 மீட்டர் போய்விடும், மழையில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் இன்னும் தாமதமாகத்தான் பிடிக்கும். அதனால் 10 மீட்டரில் வைத்த லைட்டுக்கு அந்த வேகமே அதிகம். தார் ரோட்டில் வேகமாக இறங்க வேண்டுமென்றால் லைட்டைக் கொஞ்சம் தூக்குங்கள்.

பனிமூட்டத்தில் எல்லாம் தலைகீழ். நானுஓயாப் பக்கமோ ரதெல்ல இறக்கமோ போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், லைட்டைக் கூட்டக் கூட்ட முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். நீர்த்துளிகள் வெளிச்சத்தைத் திருப்பி நம் கண்ணுக்கே அடிக்கின்றன. குறைந்த வெளிச்சத்தில் வைத்து, சாய்வைக் கீழே இறக்கி, ரோட்டின் இடது ஓரத்தைப் பார்த்துப் போக வேண்டும். லைட் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஹேண்டிலை விட, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டையில் (போர்க்) மாட்டினால் குழியின் நிழலும் நீளமாகத் தெரியும். தலையில் கட்டும் லைட் தெளிவான இரவில் அருமையானது, தலையைத் திருப்பினால் வளைவுக்குள்ளேயே வெளிச்சம் போகும். பனியில் அதைப் போட்டால் மூக்குக்கு முன்னாலேயே திரை விழும், அணைத்துவிடுங்கள்.

மழைக்கு ஐ.பி.எக்ஸ்.4 என்று போட்டிருந்தால் நாலா பக்கமும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். சார்ஜ் ஓட்டையை மூடும் ரப்பர் மூடிதான் மலிவு லைட்டில் முதலில் போகும். அந்த ஓட்டை கீழே பார்க்கிற மாதிரி மாட்டி, மேலே டியூப் துண்டைச் சுற்றிவிட்டால் போதும். தோட்டத்து ரோட்டில் இன்னொரு தொல்லை, கல்லில் அடித்து அடித்து லைட் கவிழ்ந்து டயரைப் பார்க்கும். பிடியின் உள்ளே ரப்பர் வைத்து இறுக்கி, ஒரு கேபிள் டை போடுங்கள். சின்னப் பெட்டரி போடுகிற லைட் குலுங்கும்போது தானாக மின்ன ஆரம்பித்தால் உள்ளே ஸ்பிரிங் தளர்வு. அதை மெல்ல இழுத்து நீட்டிவிடுங்கள்.

டைனமோ விஷயம். பழைய லுமாலா சைக்கிளில் டயரோடு உரசுகிற 6 வோல்ட், 3 வாட் டைனமோ என்றால் எண்ணெய் போட்டு, வயரை மாற்றி வைத்துக்கொள்ளலாம். சார்ஜ் கவலை கிடையாது. ஆனால் மழையில் டயர் நனைந்தால் உருளை வழுக்கும், ஏற்றத்தில் வேகம் குறைந்ததும் வெளிச்சம் துடிக்கும், நின்றால் அணைந்துபோகும். பின் லைட்டையும் அதிலேயே இணைத்திருந்தால் மூச்சு வாங்க நிற்கும்போது பின்னாலும் இருட்டு. சார்ஜ் தீர்ந்த நாளுக்குக் கைகொடுக்க அது இருக்கட்டும். பின் லைட்டை மட்டும் தனிப் பெட்டரியில் வையுங்கள்.