பழைய ஜீப்புக்குப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) போல்ட் தேடுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து: அண்ணாச்சி, பழைய மஹிந்திரா ஜீப். முன்பட்டையின் கண்ணில் (நுனி வளையத்தில்) இருக்கிற போல்ட் தேய்ஞ்சுபோச்சு. கடையில ‘12 எம்எம்தான்’னு ஒண்ணு கொடுத்தாங்க. நட்டு ஏறுது, ஆனா லொடலொடங்குது. அப்படியே ஓட்டலாமா?

பதில்: ஓட்டாதீங்க தம்பி. வில்லிஸ் என்கிற அமெரிக்க ஜீப்பின் வழியில் வந்த ஜீப்புகளில் பெரும்பாலும் இஞ்ச் கணக்குதான். பழைய போல்ட்டைத் தலைக்குப் பக்கத்தில், தேயாத இடத்தில் வெர்னியர் வைத்துப் பாருங்க. 12.7 காட்டினால் அரை இஞ்ச், 11.1 என்றால் 7/16, 14.3 என்றால் 9/16. அரை இஞ்ச் பொடிமரையில் (நெருக்கமான மரை) ஒரு இஞ்சுக்கு 20 மரை, அதாவது பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) 1.27 எம்எம். எம் 12 (12 எம்எம் மெட்ரிக் போல்ட்) பொடிமரைக்குப் பிட்ச் 1.25. இந்த நெருக்கம்தான் ஆளை ஏமாற்றுகிறது. நட்டு சுகமாக ஏறும். ஆனால் மரையின் ஆழத்தில் பாதிகூடப் பிடிக்காது. இறுக்கும்போதே வழுக்கும், இல்லாவிட்டால் மலையில் வழுக்கும். துளையிலும் 0.7 எம்எம் ஆட்டம் நிற்கும்.

இஞ்ச் போல்ட் கிடைக்கவில்லை என்று பலரும் சொல்லுதாங்க. டிராக்டர் ஸ்பேர் கடையில் கேளுங்க. பழைய மாஸி ஃபெர்குசனில் இஞ்ச் மரை நிறைய உண்டு. அம்பை, சேரன்மகாதேவி மாதிரி வயல்காட்டு ஊரில் ஜீப் கடையைவிட அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். 7/16 கிடைக்காமல் துளையை 12க்குப் பெருக்குகிற வேலை மட்டும் வேண்டாம். புஷ்ஷின் (பட்டைக் கண்ணுக்குள் இருக்கிற ரப்பர் உறை) உள்குழாய் தகடாக மெலிந்துவிடும்.

வண்ணார்பேட்டையிலிருந்து: மாருதி ஜிப்ஸிக்கு அதே தடிமன் புது போல்ட் வாங்கினேன். பழைய நட்டு ரெண்டு சுற்றுக்கு மேல ஏறல.

பதில்: பிட்ச் வேறே. ஹார்டுவேர் கடை எம் 12க்குப் பிட்ச் 1.75. ஜப்பான் வழி வண்டிகளில் 1.25தான் அதிகம். பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்க. போல்ட்டும் நட்டும் ஜோடியாகவே புதுசு போடுங்க, தலையில் 10.9 என்று தர எண் உள்ள போல்ட்டுக்கு 10ஆம் தர நட்டு.

உவரியிலிருந்து: கடல் காத்துல எல்லாம் துருப்பிடிக்கு. ஸ்டெயின்லெஸ் போடலாமா? இல்ல, 12.9 ஆலன் போல்ட் போட்டா இன்னும் பலமா இருக்குமே?

பதில்: ரெண்டும் வேண்டாம். கடையில் கிடைக்கிற ஏ2-70 ஸ்டெயின்லெஸ் 450 மெகாபாஸ்கல் இழுப்பிலேயே நீள ஆரம்பிக்கும்; 8.8 போல்ட் 640 தாங்கும், 10.9 போல்ட் 900 வரை. போதாததற்கு ஸ்டெயின்லெஸ் மரை இறுக்கும்போதே ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். 12.9 பலம்தான், ஆனால் முறுகல். உப்புக்காற்றில் வெடிப்பு விட்டால் முன்னறிவிப்பு இல்லாமல் தெறிக்கும். வண்டியில் முதலில் 8.8 இருந்தால் 8.8, 10.9 இருந்தால் 10.9. இஞ்ச் போல்ட்டில் எண் இருக்காது, தலையில் கோடு இருக்கும்: மூன்று கோடு கிட்டத்தட்ட 8.8க்குச் சமம், ஆறு கோடு 10.9க்கு. தலை மொட்டையாக இருந்தால் அதை வீட்டு வாசல் கேட்டுக்குப் போடுங்க, வண்டிக்கு வேண்டாம். துருவுக்கு மருந்து: மாட்டும்போதே போல்ட்டின் மழுமழு உடம்பில் (மரை இல்லாத பகுதி) காப்பர் கிரீஸ்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: மாஞ்சோலை ரோட்டுல ஏறும்போது பின்பட்டையில ‘டக் டக்’னு சத்தம். போல்ட் புதுசு, இறுக்கமாத்தான் இருக்கு அண்ணே.

பதில்: ஸ்பேனருக்கு இறுக்கமாக இருக்கும், புஷ்ஷுக்கு இருக்காது. இதில்தான் பல பேர் கோட்டை விடுதாங்க. ஒரு கணக்குப் பாருங்க. பட்டையைத் தாங்குகிற பிராக்கெட்டின் இரண்டு காதும் (பக்கத் தகடு) தலைக்கு 6 எம்எம், நடுவில் புஷ் குழாய் 60, மொத்தம் 72. எம் 12 போல்ட் 100 நீளத்துக்கு மரை 30, மழு உடம்பு 70. இரண்டாவது காதில் 4 எம்எம் வரை மழு உடம்பே உட்காரும். நட்டுப் பக்கம் 3 எம்எம் வாஷர் போட்டால் கச்சிதம். அதையே 110 வாங்கினால் உடம்பு 80. நட்டு மரை முடிகிற இடத்தில் முட்டி நின்றுவிடும், காது ரெண்டும் குழாயை நெருக்கவே நெருக்காது. குழாய் போல்ட்டைச் சுற்றி ஆடி, துளையை முட்டை வடிவமாக்கும். உங்களுக்கு இது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

தலைமுதல் நுனிவரை மரை போட்ட போல்ட்டும் ஆகாது. மரை முனை அரம் மாதிரி காதை அராவும். போல்ட்டும் மரைப் பள்ளத்தில்தான் முதலில் ஒடியும். துளை ஏற்கெனவே நீண்டிருந்தால் கனமான வாஷரை வெல்டிங் வைத்துச் சரிபண்ணிவிட்டுப் புது போல்ட் போடுங்க.

கூடங்குளத்திலிருந்து: போல்ட் புஷ்ஷுக்குள்ளயே துருப்பிடிச்சு ஒட்டிக்கிடுச்சு. அடிச்சா அசையல.

பதில்: அடிக்க அடிக்க நுனி பூ விரிந்து இன்னும் மாட்டிக்கும். ராத்திரியே துரு எண்ணெய் விட்டு ஊறவையுங்க. நட்டைக் கழற்றித் தலையைத் திருப்பும்போது ரப்பரும் சேர்ந்து முறுக்கினால் அந்தப் புஷ் கதை முடிஞ்சுது. பட்டைக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கிரைண்டரால் அறுத்து எடுங்க. கேஸ் வைத்துச் சுடுகிறவர்கள் பிரேக் பைப்பையும் டீசல் பைப்பையும் பார்த்துக்கிடுங்க.

பேட்டையிலிருந்து: லேத்துல கடைஞ்சு வாங்கினா ஆகாதா?

பதில்: எந்த இரும்பு என்பதுதான் கேள்வி. சாதா கம்பியில் கடைந்தது பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும், மாசத்தில் வளையும். இஎன் 24 என்கிற கலப்பு இரும்பை ‘டி’ கண்டிஷனில் (பதப்படுத்தியது) கேட்டு வாங்கிக் கடையுங்க, அது 8.8க்குக் குறையாது. மரைக்கும் உடம்புக்கும் நடுவில் கூரான வெட்டு விடவேண்டாம் என்று டர்னரிடம் சொல்லுங்க.

பாளையங்கோட்டையிலிருந்து: யூ போல்ட்டைக் கழற்றித் திரும்ப மாட்டலாமா அண்ணாச்சி? பட்டறையில வளைச்சும் தருதாங்க.

பதில்: ஒருதடவை நல்லா இறுக்கிய யூ போல்ட் (பட்டையை ஆக்ஸிலோடு கட்டுகிறது) நீண்டிருக்கும், புதுசுதான் போடணும். உலையில் சுட்டு வளைத்தால் கம்பியின் பதம் போயிரும். யூ போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட்மேல் பாரம் இறங்கும். சென்டர் போல்ட் பட்டைகளையும் ஆக்ஸிலையும் இடத்தில் நிறுத்தத்தான், பாரம் தாங்க அல்ல. அறுந்தால் ஆக்ஸில் நகர்ந்து வண்டி கோணலாக ஓடும். நாலு நட்டையும் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, 100 கிலோமீட்டரிலும் 500 கிலோமீட்டரிலும் மறுபடி இறுக்குங்க.

களக்காட்டிலிருந்து: புது புஷ் போட்டு மூணே மாசத்துல ரப்பர் கிழிஞ்சுபோச்சு.

பதில்: ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே முழுசாக இறுக்கியிருப்பாங்க. ரப்பர் புஷ்ஷுக்கு, வண்டி நாலு சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. எம் 12 பெருமரைக்கு (1.75 பிட்ச்), மேனுவலில் அளவு இல்லாதபோது, 8.8 என்றால் சுமார் 80 நியூட்டன் மீட்டர், 10.9 என்றால் சுமார் 115. நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது) ஒருதடவைக்குத்தான்.

முக்கூடலிலிருந்து: மிகப் பழைய ஜீப். ஷேக்கிள் புஷ் திரும்பவே மாட்டேங்குது.

பதில்: அந்தக் கால மரை ஷேக்கிளில் (பட்டையின் ஒரு முனையைச் சேஸியோடு சேர்க்கிற அசையும் இணைப்பு) சிலது இடதுமரை. பலத்தைக் காட்டும் முன்னே எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்க.