வெளிநாட்டுத் தபால்: நாள் கணக்கு எங்கே தொடங்குகிறது?

வந்த கடிதங்களில் வெளிநாட்டுத் தபால் பற்றியவற்றை மட்டும் இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். சேலத்துக்காரர்கள் பிள்ளைகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் கடல் தாண்டிப் பொருள் அனுப்புவது கூடிவிட்டது. கேள்விகளும் கூடிவிட்டன.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகளுக்கு வெண்பட்டுப் புடவை இரண்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். சென்னை போனது வரைக்கும் ஆன்லைனில் தெரிந்தது. ‘பேக் டிஸ்பேட்ச்டு’ என்று வந்தபிறகு பத்து நாளாக ஒரு அசைவும் இல்லை. கவுண்டரில் கேட்டால், "இங்கிருந்து போய்விட்டதுங்க" என்கிறார்கள். புடவை எங்கேதான் இருக்கிறது?

பதில்: கவுண்டரில் சொன்னது பொய்யில்லை. அவர்கள் திரையிலும் உங்களுக்குத் தெரிவதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரியாது.

நடப்பது இதுதான். உங்கள் பார்சலைச் சென்னையில் ஒரு பையில் போட்டு, பார்சல் எண்ணையும் பை எண்ணையும் கணினியில் இணைப்பார்கள். பை மூடப்பட்ட நொடியிலிருந்து உங்கள் பார்சலைத் தனியாக யாரும் ஸ்கேன் செய்வதில்லை. பையைத்தான் ஸ்கேன் செய்வார்கள். அந்தப் பைக்கு 29 எழுத்துகள் கொண்ட ஒரு அடையாளம் உண்டு. எந்த நாட்டு அலுவலகத்திலிருந்து எந்த நாட்டு அலுவலகத்துக்கு, எத்தனையாவது அனுப்பு, அதில் எத்தனையாவது பை, எடை எவ்வளவு என்பதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அப்புறம் பை விமான நிறுவனத்தின் கைக்குப் போகிறது. விமானத்தில் இடமில்லாமல் இரண்டு நாள் கிடக்கலாம், வேறு ஊரில் மாற்றி ஏற்றப்படலாம். சிங்கப்பூரில் பையைத் திறந்து உங்கள் பார்சலைத் திரும்பவும் ஸ்கேன் செய்தால்தான் அடுத்த வரி வரும். அதையும் அந்த நாட்டுத் தபால்துறை மின்செய்தியாக நம் தபால்துறைக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பத் தாமதமானால் பார்சல் வீட்டு வாசலில் நின்றாலும் நம் திரையில் ‘டிஸ்பேட்ச்டு’ என்றே இருக்கும்.

அதனால் முதல் வேலையாக, அதே எண்ணைச் சிங்கப்பூர் தபால்துறையின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எண் எல்லா நாட்டுக்கும் பொது. அங்கே ஒரு வரி கூடுதலாகத் தெரிந்தால் பார்சல் அந்த நாட்டுக்குள் இருக்கிறது, அண்ணன் மகளே அங்கு விசாரிக்கலாம். தெரியவில்லை என்றால் இடைவழியில் நிற்கிறது, நீங்கள் இங்கே புகார் எழுத வேண்டும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு பக்கமும் அலைபவர்கள் நிறைய.

கேள்வி (சூரமங்கலம், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்): தபால், கூரியர் எதுவானாலும் ‘நூற்றுக்குத் தொண்ணூறு உரிய நாளில் சேர்ந்தன’ என்பது போல ஒரு சதவீதம் சொல்கிறார்கள். நம் அனுபவத்தில் அப்படி இல்லையே. இந்தச் சதவீதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பதில்: ஐயா, நீங்கள் கணக்கு ஆசிரியர் என்பதால் ஒரு கணக்காகவே சொல்கிறேன். எண்கள் கற்பனை, முறை நிஜம்.

சேலத்திலிருந்து ஒரு நாட்டுக்குப் பத்து பார்சல் போகிறது. 12 நாளில் சேர வேண்டும் என்பது வாக்கு. எட்டு பார்சல் 9 நாளில் சேர்கின்றன. ஒன்று 45 நாளில் சேர்கிறது, அதில் 33 நாள் அந்த நாட்டுச் சுங்கத்தில் கிடந்தது. ஒன்றுக்குக் கடைசி ஸ்கேனே இல்லை, சேர்ந்ததா தொலைந்ததா என்று யாருக்கும் தெரியாது.

இப்போது சதவீதம் போடுங்கள். பத்தையும் எண்ணினால் எட்டுதான் உரிய நாளில் சேர்ந்தன, 80 சதவீதம். ‘முழு விவரம் இல்லாததைக் கணக்கில் சேர்க்க முடியாது’ என்று பத்தாவதை விட்டுவிட்டால் ஒன்பதில் எட்டு, 89 சதவீதம். சுங்கத்தில் கிடந்த நாள் தபால்துறையின் பொறுப்பில்லை என்று அந்த 33 நாளையும் கழித்தால் 45 நாள் பார்சல் 12 நாள் பார்சலாகிவிடும். ஒன்பதில் ஒன்பது, 100 சதவீதம்! சராசரி எடுத்தாலும் இதே கதைதான். விவரம் உள்ள ஒன்பதின் சராசரி 13 நாள். 13-வது நாளில் பார்சல் பெற்றவர் ஒருவர்கூட இல்லை.

இதில் யாரும் ஏமாற்றுவதாக நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு கழித்தலுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வந்த தபாலைப் பட்டுவாடா செய்வதற்காக அனுப்பும் நாடு சேரும் நாட்டுக்கு ஒரு பங்குத் தொகை தருகிறது. அந்தக் கணக்கைத் தீர்க்கும்போது, சேரும் நாட்டின் தபால்துறைக்கு மதிப்பெண் போட வேண்டுமானால் அதன் கையில் இருந்த நேரத்தை மட்டும்தான் அளக்க முடியும். அதனால்தான் விரைவுத் தபாலில் பொதுவாகச் சுங்க நேரத்தைக் கழிக்கிறார்கள். பெறுபவர் வீட்டில் இல்லாவிட்டாலும் முதல் முறை கதவைத் தட்டியதையே சேர்த்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். சாதாரணக் கடிதங்களில் பார்கோடே கிடையாது. பங்குத் தொகைக்காக அவற்றை மாதிரி எடுத்து எண்ணுகிறார்கள், ஒரு கிலோவுக்கு எத்தனை கடிதம் என்று. 1874-ல் தொடங்கி சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இயங்கும் உலக அஞ்சல் ஒன்றியம், ரேடியோ சில்லு வைத்த சோதனைக் கடிதங்களைப் பல நாடுகளில் போடச் செய்து, அவை எந்த வாசலை எப்போது கடந்தன என்று அளக்கிறது. அதில் தரம் குறைந்த நாட்டுக்குக் கிடைக்க வேண்டிய பங்குத் தொகையும் குறையும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இவையெல்லாம் தபால்துறைகள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் கணக்கு. காசு கொடுத்து அனுப்புகிறவருக்கு வேண்டிய கணக்கு வேறு. நான் சேலம் தலைமை அஞ்சலகத்தில் ரசீது வாங்கிய நிமிடத்தில் தொடங்கி, பொருள் கைக்குப் போன நிமிடத்தில் முடிகிற கணக்கு அது. சுங்கம் தனி வரியாக வரட்டும், விமானத்துக்குக் காத்திருந்தது தனி வரியாக வரட்டும். எதையும் கழிக்கக் கூடாது. சென்னையில் பை கிளம்பியதற்கும் அடுத்த நாட்டில் பை திறந்ததற்கும் நடுவே உள்ள நாட்கள்தான் இன்றைக்கு யார் பெயரிலும் வராத நாட்கள். செவ்வாய்ப்பேட்டை வாசகியின் பத்து நாள் அங்கேதான் கிடக்கிறது. கடைசி ஸ்கேன் இல்லாத பார்சல்கள் எத்தனை என்ற எண்ணையும் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். என்னைக் கேட்டால் அந்த ஒரு எண்தான் மற்ற எல்லா எண்களையும் நம்பலாமா என்று சொல்லும்.

சராசரிக்குப் பதிலாக, ‘நூறில் 50 எத்தனை நாளில் சேர்ந்தன, 90 எத்தனை நாளில் சேர்ந்தன’ என்று நாடு வாரியாகப் போட்டால் போதும். பொங்கலுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று அனுப்புகிறவருக்கு அந்த 90-ன் நாள்தான் தேவை.

கேள்வி (ஏற்காடு): சிறிய காபித் தோட்டம் வைத்திருக்கிறோம். ஜெர்மனியில் இருக்கும் மகன் வீட்டுக்கும் அவன் நண்பர்களுக்கும் வறுத்து அரைத்த தூள் தபாலில் அனுப்புகிறோம். ஒரு முறை ஒழுங்காகப் போகிறது, ஒரு முறை திரும்பி வருகிறது. ஒரே ஆள், ஒரே முகவரி. ஏன் இப்படி?

பதில்: சுங்கப் படிவத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். ‘கிஃப்ட்’, ‘ஃபுட் ஐட்டம்’ என்று எழுதும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். 2021 முதல் பொருள் உள்ள வெளிநாட்டுத் தபால் எல்லாவற்றுக்கும் விவரம் மின்னணு வடிவில் பார்சலுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஆண்டு மார்ச்சிலிருந்தே விமானத்தில் வரும் தபாலுக்கு இதைக் கேட்கிறது. கவுண்டரில் அவசரத்தில் அடிக்கப்படும் அந்த ஒரு வரிதான் அங்கே உள்ள கணினி பார்ப்பது. அது தெளிவில்லாமல் இருந்தால் பார்சல் நிற்கும், சில சமயம் திரும்பும்.

‘ரோஸ்டட் காபி பவுடர்’, எத்தனை கிராம், என்ன விலை என்று எழுதுங்கள். காஃபீன் நீக்காத வறுத்த காபிக்குச் சுங்கக் குறியீடு 0901 21, பச்சைக் கொட்டைக்கு 0901 11. பெறுபவரின் கைபேசி எண்ணும் இருக்கட்டும். எழுதிக் கொடுத்தது சரியாக ஏறியிருக்கிறதா என்று ரசீது வாங்கும்போதே, வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும், ஒரு தடவை படித்துவிடுங்கள். ரசீதில் பின்கோடு 636601 என்று சரியாக விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். திரும்பி வரும் பார்சல் அதை வைத்துத்தான் மலையேறும்.

இன்னொன்று. ஜெர்மனியில் காபிக்கென்றே தனி வரி இருக்கிறது, வறுத்த காபிக்குக் கிலோவுக்கு 2.19 யூரோ. ‘வரி கட்டச் சொல்கிறார்கள்’ என்று மகனின் நண்பர் சொன்னால் அது மோசடி என்று நினைத்துவிட வேண்டாம். விலைக்கு விற்கத் தொடங்கும் எண்ணம் இருந்தால் டாக்கர் நிர்யாத் கேந்திரா என்ற பெயரில் அஞ்சலகங்களில் நடக்கும் ஏற்றுமதி மையத்தை விசாரியுங்கள். ஏற்றுமதிக்கான தபால் பில்லை (சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பை) அதன் வழியாகக் கணினியிலேயே பதிந்துவிடலாம்.

கேள்வி (அம்மாபேட்டை): வெளிநாட்டுத் தளம் ஒன்றில் பொருள் வாங்கினேன். விற்றவர் ஒரு டிராக்கிங் எண் கொடுத்தார். எங்கே போட்டாலும் ‘கிடைக்கவில்லை’ என்கிறது. எண் போலியா?

பதில்: வீட்டிலேயே சோதிக்கலாம். தபால் எண் என்றால் 13 இடம் இருக்கும்: இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து (இந்தியா என்றால் ஐ, என்). ஒன்பதாவது இலக்கம் சரிபார்க்கும் இலக்கம். முதல் எட்டு இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11-ஆல் வகுத்து, மீதியை 11-லிருந்து கழியுங்கள். 12345678 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 204, மீதி 6, விடை 5. ஆக ஒன்பதாவது இலக்கம் 5 ஆக இருக்க வேண்டும். விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் அது தபால் எண்ணே இல்லை, அல்லது ஒரு இலக்கம் தவறு.

ஒத்துவந்தாலும் பொருள் கிளம்பிவிட்டது என்று அர்த்தமில்லை. லேபிள் அச்சிட்டதும் எண் பிறந்துவிடும், பார்சல் விற்பவர் மேசையிலேயே இருக்கலாம். தபால்துறை பெற்றுக்கொண்ட வரி வந்தால்தான் நம்பலாம். முதல் எழுத்து ‘யு’ என்றால் அது பின்தொடரும் வசதி இல்லாத சாதாரணப் பொட்டலம், வழியில் எதுவும் தெரியாமல் போவது இயல்பு. எப்படியிருந்தாலும் விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ன் மின்வணிக விதிகள்படி 48 மணி நேரத்தில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி (குகை): பார்சல் தொலைந்தே போனால் பணம் கிடைக்குமா? நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: முதலில் தபால்துறையிலேயே விசாரணை மனு கொடுங்கள். வெளிநாட்டுத் தபாலுக்கு அனுப்பிய மறுநாளிலிருந்து பொதுவாக ஆறு மாதம்தான் கெடு. ‘வந்துவிடும், பார்ப்போம்’ என்று காத்திருந்து இதை விட்டுவிடாதீர்கள். அனுப்பியவர் கொடுப்பதே முறை. ரசீது, படிவ நகல், பொருள் வாங்கிய பில் மூன்றும் வேண்டும். தொலைபேசியில் என்றால் 1800 266 6868.

ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த அஞ்சலகச் சட்டம், 2023, விதிகளில் சொல்லப்பட்ட பொறுப்பைத் தவிர வேறு பொறுப்பு தபால்துறைக்கு இல்லை என்கிறது. ஆகவே அந்தந்தச் சேவைக்கு விதித்த இழப்பீடே அடிப்படை. 20,000 ரூபாய்ப் பட்டுக்கு முழு விலையும் கேட்கலாம் என்ற எண்ணத்தில் அனுப்பாதீர்கள். அந்த நாட்டுக்கு இன்சூரன்ஸ் வசதி உண்டா என்று அனுப்பும்போதே கேளுங்கள்.

கேள்வி (ஐந்து ரோடு): நீங்கள் அடிக்கடி ‘எண்ணை வெளியிட வேண்டும்’ என்று எழுதுகிறீர்கள். நம்மைப் போன்றவர்களால் அதற்கு என்ன செய்ய முடியும்?

பதில்: தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராகவே இணைக்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். சேலத்தில் தபால் கோட்டம் கிழக்கு, மேற்கு என்று இரண்டு. உங்கள் அஞ்சலகம் எதில் வருகிறதோ அதன் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘ஏன் தாமதம்?’ என்று கேட்டால் பயனில்லை. பதிவேட்டில் இருப்பதைத்தான் கொடுப்பார்கள், புதிதாக ஆராய்ந்து எழுத வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. இப்படிக் கேளுங்கள்: இன்ன அஞ்சலகத்தில் இன்ன மாதம் இன்ன நாட்டுக்குப் பதிவான விரைவுத் தபால் எத்தனை? அவற்றில் இந்தியாவை விட்டுக் கிளம்பியதாகப் பதிவு உள்ளவை எத்தனை? அந்த நாட்டில் சேர்ந்ததாகப் பதிவு உள்ளவை எத்தனை? பட்டுவாடா பதிவு உள்ளவை எத்தனை? வந்த புகார் எத்தனை, இழப்பீடு கொடுத்தது எத்தனை?

ஒரு நாடு, ஒரு மாதம் என்று சுருக்கிக் கேளுங்கள். ஐந்து ஆண்டு, எல்லா நாடு என்றால் ‘தொகுக்க இயலாது’ என்ற பதில் வரும். கோட்டத்திடம் இல்லாத எண்ணைச் சென்னைக்கு மாற்றி அனுப்பும்படி மனுவிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பதில் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், எண்களை இதே பகுதியில் அப்படியே வெளியிடுகிறேன்.