மீட்டால் எந்த விமானம்? போர் விமான மீட்பு – கேள்வி பதில்

கேள்வி: இரண்டாம் உலகப் போர் விமானங்களில் ஒன்றே ஒன்றை மீட்டு மியூசியத்தில் நிறுத்தலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

ஷார்ட் ஸ்டர்லிங். ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் போன்ற சண்டை விமானங்கள் பறக்கும் நிலையிலேயே ஏராளமாக இருக்கின்றன. பிரிட்டிஷ் விமானப்படை அந்தப் போரில் இறக்கிய முதல் நான்கு எஞ்சின் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஸ்டர்லிங். 2,300-க்கும் மேல் கட்டினார்கள். முழுசாக ஒன்றுகூட இல்லை. அடுத்த இடம் வெஸ்ட்லேண்ட் வேர்ல்விண்ட் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானத்துக்கு. அதிலும் ஒன்று மிஞ்சவில்லை.

கேள்வி: மோசமான விமானம் என்பதால்தானே காயலான் கடைக்குப் போனது?

பாதி உண்மை. இறக்கை முனைக்கு முனை 100 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது அரசு விதித்த நிபந்தனை. 99 அடி 1 அங்குலத்தில் முடித்தார்கள். அந்தக் குட்டை இறக்கையால், குண்டு ஏற்றினால் 17,000 அடியைத் தாண்டுவதே பாடு. குண்டு அறையைத் தடுப்புகள் பிரித்திருந்ததால் 2,000 பவுண்டுக்கு மேற்பட்ட பெரிய குண்டு உள்ளே போகாது. லேண்டிங் கியர் நெட்டையானது, பக்கவாட்டுச் சுமை தாங்காமல் ஒடியும். ஆனால் கீழ் உயரத்தில் நன்றாகத் திரும்பும். 1943 கடைசியில் ஜெர்மனி மீதான தாக்குதலிலிருந்து விலக்கிய பிறகு கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) இழுக்கும் வேலையில் பேர் வாங்கியது.

கேள்வி: இனி எங்கே தேடுவது?

தண்ணீரில்தான். நெதர்லாந்தின் மார்க்கர்மீர் ஏரியிலிருந்து பிகே716 என்ற ஸ்டர்லிங்கை 2020-இல் எடுத்தார்கள். கிடைத்தவை துண்டுகள். அதில் பறந்த ஏழு பேரும் அதிலேயே இறந்திருந்ததால் எலும்புகளைத் தேடி எடுப்பதே அங்கே முதல் வேலை.

கேள்வி: கடலில் எழுபது வருஷம் தாங்கிய அலுமினியம் கரைக்கு வந்ததும் பொடியாகிறதே, ஏன் சார்?

குற்றவாளி குளோரைடு. உலோகத்தின் சிறு குழிகளுக்குள் உப்பு புகுந்திருக்கும். கரையில் காய்ந்ததும் அது செறிவாகி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து குழிக்குள் அமிலமாகி, உள்ளிருந்தே தின்னும். விமானத் தகடு சுத்த அலுமினியம் இல்லை, சுமார் 4 சதவீதம் செம்பு கலந்த டூராலுமின். உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகளின் எல்லை வழியே அரிப்பு ஓடும்போது தகடு பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரியும்.

எனவே காயவே விடக்கூடாது. கிரேனில் தொங்கும்போதே நன்னீர் அடிக்க வேண்டும். 2013 ஜூன் 10 அன்று இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டான குட்வின் சேண்ட்ஸிலிருந்து எடுத்த டோர்னியர் 17 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தை, காஸ்ஃபோர்டிலுள்ள பிரிட்டிஷ் விமானப்படை மியூசியத்தில் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வைத்து சிட்ரிக் அமிலக் கரைசலை இடைவிட்டுத் தெளித்தார்கள். தனி சிட்ரிக் அமிலம் உலோகத்தையே கடிக்கும். அதனால் காஸ்டிக் சோடா சேர்த்து பி.எச். 5-க்கும் 6-க்கும் நடுவில் வைக்க வேண்டும். வடியும் நீரில் குளோரைடு அளவைத் தொடர்ந்து பார்த்து, அது குறைந்து நிலைத்த பிறகே நிறுத்தலாம். இது மாதக்கணக்கில் அல்ல, வருஷக்கணக்கில் போகும். வெறி பிடித்த மாதிரி தகட்டில் ஒட்டிய சிப்பியைச் சுத்தியலால் தட்டி எடுக்காதீர்கள். கூடவே மூலப் பெயிண்டும் போய்விடும்.

மெக்னீசிய வார்ப்புகள் இருந்தால் பெரும்பாலும் கரைந்தே போயிருக்கும். எஃகு போல்ட் இருக்கும் இடத்தில் அதைச் சுற்றியுள்ள அலுமினியம்தான் முதலில் போகும். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணி வரிசைகளையும் நம்பாதீர்கள்.

கேள்வி: தூக்கும்போது உடையாமல் இருக்க?

உள்ளே புகுந்த மணலையும் சேற்றையும் முதலில் உறிஞ்சி எடுங்கள். தண்ணீர் மட்டத்தைத் தாண்டும் நொடியில் மிதப்பு போய், முழு எடையும் கூட்டின்மேல் விழும். ஆபத்து அங்கேதான். பெல்ட்டைத் தகட்டில் சுற்றாமல், இறக்கையின் மைய ஸ்பார் (இறக்கையைத் தாங்கும் உத்தரம்) போன்ற வலுவான இடங்களில் மாட்டுங்கள். 1999-இல் நார்வேயின் டிரொண்ட்ஹைம் ஃபியோர்டில் (கடல் கால்) ஃபோக்கே-வுல்ஃப் 200 காண்டோர் என்ற ஜெர்மன் விமானத்தைத் தூக்கும்போதே அது உடைந்தது. சீராக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆனது.

கேள்வி: நன்னீர் ஏரி என்றால்?

அதிர்ஷ்டம். நார்வேயின் ஹோக்லிங்கன் ஏரியில் 1942 ஏப்ரலில் மூழ்கிய ஹாலிஃபாக்ஸ் டபிள்யூ1048 என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தை 1973-இல் எடுத்தார்கள். லண்டனிலுள்ள விமானப்படை மியூசியத்தில் சீரமைக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். அதுதான் சரி என்பேன். பளபளவென்று புதுத்தகடு போர்த்தினால் அது பாதி நகல்.

கேள்வி: நம் நாட்டில் இப்படி ஏதாவது பிழைத்ததா?

கான்பூரில் கிடந்த பி-24 லிபரேட்டர் என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள். போர் முடிந்து பிரிட்டிஷார் பயன்படாதபடி சேதப்படுத்தி விட்டுப்போனவற்றை எச்.ஏ.எல். (இந்திய அரசின் விமான நிறுவனம்) பழுது பார்த்தது. இந்திய விமானப்படை 1968 வரை ஓட்டியது. இன்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மியூசியங்களில் நிற்கும் சில லிபரேட்டர்கள் இங்கிருந்து போனவைதான்.

கேள்வி: பிரிட்டிஷ் கடலில் கிடைத்தால் எடுக்கலாமா?

அனுமதியில்லாமல் தொட்டாலே குற்றம். 1986 சட்டப்படி விழுந்த ராணுவ விமானம் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. பாதுகாப்பு அமைச்சகத்தின் லைசென்ஸ் வேண்டும். உள்ளே உடல்களோ வெடிக்காத குண்டுகளோ இருக்க வாய்ப்பிருந்தால் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள்.

கேள்வி: காக்பிட் மீட்டர்களைத் துடைத்து வைக்கலாமா?

பழைய ஒளிரும் எண்களில் ரேடியம் இருக்கும். ஒளிர்வது நின்றிருந்தாலும் கதிர்வீச்சு நிற்காது. அதன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறையும் காலம், 1,600 வருஷம். கைகர் கவுண்டரால் அளந்து, கண்ணாடியைத் திறக்காமல், காற்றுப்புகாத பெட்டியில் லேபிள் ஒட்டித் தனியே வையுங்கள். கண்ணாடி உடைந்திருந்தால் நீங்களே கை வைக்காமல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிடுங்கள்.