"தேதி அப்புறம் சொல்றோம்": கொரோனா காலத்து ஆபரேஷன்கள் பற்றிக் கேட்டவர்களுக்கு

வடசென்னையில் மயக்க மருந்து டாக்டராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். பகலில் அரசு மருத்துவமனை. சாயங்காலம் கூப்பிட்டால் பெரம்பூர், கொளத்தூர் பக்கத்து நர்சிங் ஹோம்கள். கொரோனா நேரத்தில் இரண்டு பக்கத்து ஆபரேஷன் தியேட்டர்களிலும் நின்றவள் என்பதால் நம் பகுதிக்காரர்கள் பலர் பல கேள்விகள் கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கொடுங்கையூரிலிருந்து ஒரு தம்பி: 2020 மார்ச்சில் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். முந்தின நாள் "தேதி அப்புறம் சொல்றோம்" என்று அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி திறந்துதானே இருந்தது?

திறந்துதான் இருந்தது தம்பி. ஆனால் அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளிவைக்கும்படி மத்திய சுகாதார அமைச்சகம் அந்த மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. ஓமந்தூரார் மருத்துவமனை கொரோனாவுக்கென்றே ஒதுக்கப்பட்டது. மற்ற பெரிய ஆஸ்பத்திரிகளிலும் கட்டடம் கட்டடமாக ஒதுக்கினார்கள். ஆபரேஷன் முடிந்தவரைப் படுக்கவைக்கும் ஐ.சி.யு. படுக்கைகள் மூச்சுத்திணறலோடு வந்தவர்களுக்குப் போயின. கத்தி பிடிக்க வேண்டிய இளம் சர்ஜன்கள் கொரோனா வார்டில் ஆக்ஸிஜன் அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உலகம் முழுக்க இதே கதைதான். முதல் அலை உச்சத்தில் இருந்த 12 வாரங்களில் மட்டும் ஏறத்தாழ 2.84 கோடி ஆபரேஷன்கள் ரத்தாகும் அல்லது தள்ளிப்போகும் என்று கோவிட்சர்ஜ் என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு கணக்கிட்டது. அதில் இந்தியாவின் பங்கு 5.8 லட்சத்துக்கு மேல்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நாங்கள் 'எலெக்டிவ்' என்று எழுதினால் 'தேவையில்லாத ஆபரேஷன்' என்று அர்த்தமில்லை. எந்த நாளில் செய்வது என்று நாம் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். புற்றுநோய்க் கட்டியை எடுப்பதும் அந்தப் பட்டியலில்தான் வரும். இதைப் பலருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. "தள்ளிப்போடலாம்" என்பது அவர்கள் காதில் "விட்டுவிடலாம்" என்று விழுந்துவிட்டது. அந்த வருடங்களில் நான் பார்த்த பெரும்பாலான சேதம் இந்த இடத்தில் தொடங்கியதுதான்.

தண்டையார்பேட்டை, ஓர் ஐயா: கொரோனா இருப்பது தெரியாமல் ஆபரேஷன் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவ்வளவு பயப்பட வேண்டிய விஷயமா?

அன்றைக்கு ஆமாம் ஐயா. ஆபரேஷனை ஒட்டித் தொற்று இருந்த 1,128 பேரைப் பற்றிய ஆய்வு 2020 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம். கிட்டத்தட்ட நாலு பேரில் ஒருவர். பாதிப் பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்திருந்தது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குடலிறக்கத்துக்காக வந்தவரை நுரையீரல் நோயில் பறிகொடுக்க எந்த டாக்டருக்கும் மனசு வராது. அதனால் முதலில் தள்ளிவைத்தது சரி என்பேன். தள்ளிவைத்தவர்களைத் திரும்பக் கூப்பிட ஓர் ஏற்பாடு இல்லாமல் போனதுதான் தப்பு.

வியாசர்பாடி, நர்சிங் படிக்கும் தங்கை: தியேட்டருக்குள் என்ன மாறியது அக்கா?

எல்லாமே மாறியது. முழு மயக்கம் என்றால் தொண்டைக்குள் டியூப் விட வேண்டும். நோயாளியின் வாய்க்கும் என் முகத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. அவர் ஒரு தடவை இருமினால் எல்லாம் என் மேல்தான். அதனால் டியூப் போடும்போது என்னையும் ஓர் உதவியாளரையும் தவிர மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். காற்று மாறும்வரை காத்திருந்துதான் சர்ஜன் உள்ளே வருவார். முடிந்தவரை கேஸ்களை முழு மயக்கம் இல்லாமல், முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டே செய்தோம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. தியேட்டருக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். வெளித் தூசி உள்ளே வரக்கூடாது என்பதற்கான அமைப்பு அது. கொரோனா நோயாளி உள்ளே இருந்தால் அதே அழுத்தம் கிருமியை வராந்தாவுக்குத் தள்ளும். எங்கள் தியேட்டர் ஒன்றில் ஏ.சி.யை நிறுத்திவிட்டு வேலை செய்தோம். சென்னை மே மாதம், பி.பி.இ. உடை, இரண்டு கையுறை. கண்ணாடியில் ஆவி படிந்து மானிட்டரின் பச்சைக் கோடு மட்டும் மங்கலாகத் தெரியும். யார் யார் என்று தெரியாததால் உடையின் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வோம். ஒரு நாள் சர்ஜன் கையைக் காட்டி என்னவோ கேட்கிறார், சிஸ்டருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. கடைசியில் அவர் விரலால் பச்சைத் துணியில் 'நூல்' என்று எழுதிக் காட்டினார். முன்பு ஆறு கேஸ் முடித்த நேரத்தில் அப்போது இரண்டு முடிந்தால் பெரிது.

பெரம்பூர், ஓர் அம்மா: எங்கள் தெரு நர்சிங் ஹோம் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. பிறகு போனால் ஆபரேஷன் பில்லில் பி.பி.இ. கிட், டெஸ்ட் என்று தனித்தனியாகப் போட்டார்கள். இது நியாயமா?

உங்கள் கோபம் புரிகிறது அம்மா. தெரு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ஒரே தியேட்டர்தான், ஒரே வாசல்தான். ஒரு சிஸ்டருக்குப் பாசிட்டிவ் வந்தால் எல்லோரும் தனிமைப்படுத்திக்கொண்டு மூட வேண்டும். அறுபது தாண்டிய டாக்டர்கள் வீட்டில் முடங்கினார்கள். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பில் வேறு விஷயம். தமிழக அரசு 2020 ஜூனில் தனியாருக்கு விலை வரம்பு வைத்தது, ஐ.சி.யு.வுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய் என்று. ஆனால் அது கொரோனா சிகிச்சைக்கு. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு வந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தியேட்டரில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து கிட் செலவாகும், உண்மைதான். ஒரே நாளில் நாலு நோயாளிகளுக்கு அதே ஐந்து கிட்டை நாலு தடவை பில் போட்ட இடத்தையும் நான் பார்த்தேன். அதற்கப்புறம் அங்கே போவதை நிறுத்திவிட்டேன்.

காசிமேட்டிலிருந்து ஒருவர்: லாக்டவுனில் சர்க்கரை நோயாளிகள் பலர் காலை இழந்தார்கள் என்கிறார்களே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டும்.

2020 மே கடைசியில் ஓர் இரவு, ஐம்பது வயதுக்காரர் ஒருவரை மீன்பாடி வண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆட்டோ கிடைக்கவில்லை. 108 வந்தால் கொரோனா வார்டில் போட்டுவிடுவார்கள் என்று பயம். வலை கழுவும்போது காலில் ஏதோ குத்தியிருக்கிறது. சர்க்கரை இருந்ததால் வலி உறைக்கவில்லை. அந்த மாதங்களில் ராயபுரம் மண்டலத்தில்தான் நகரத்திலேயே அதிகத் தொற்று. தெருவுக்குத் தெரு தகரம் அடித்து மறித்திருந்தார்கள். மருந்துக் கடைக்காரர் கொடுத்த மாத்திரையும் மஞ்சளுமாக மூன்று வாரம் ஓட்டியிருக்கிறார். சர்க்கரை மாத்திரையும் தீர்ந்து பல நாளாகியிருந்தது.

துணியை அவிழ்த்தபோது சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கறுத்துச் சுருங்கியிருந்தன. சீழ் கணுக்கால் தாண்டி ஏறியிருந்தது. முதல் வாரமே வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும். நாங்கள் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. முதுகில் ஊசி போட்டதால் அவர் விழித்திருந்தார். "கட்டுமரத்துல நிக்க முடியுமா டாக்டரம்மா?" என்று அவர் கேட்டதற்கு நான் சரியான பதில் சொல்லவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவரை எந்தக் கொரோனாக் கணக்கிலும் சேர்க்கவில்லை. டெஸ்டில் அவருக்கு நெகட்டிவ்.

அதனால் சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்கிறேன். எந்த ஊரடங்கு வந்தாலும் காலில் புண், கறுப்பு, நாற்றம், காய்ச்சல் என்றால் அது எமர்ஜென்சி. அன்றைக்கே வாருங்கள்.

ராயபுரம், மாசமாக இருக்கும் ஒரு பெண்: பிரசவ ஆபரேஷன்களும் நின்றனவா?

இல்லை அம்மா, ஒரு நாளும் நிற்கவில்லை. பிரசவத்தைத் தள்ளிப்போட முடியாதே. பாசிட்டிவான தாய்மாருக்குத் தனி தியேட்டர் வைத்து சிசேரியன் செய்தோம். மாஸ்க் போட்டுக்கொண்டு தாய்ப்பாலும் கொடுக்கவைத்தோம்.

மணலியிலிருந்து: இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சைக்கு ஏன் ஆபரேஷன்? மருந்து போதாதா?

போதாது. அந்தப் பூஞ்சை ரத்தக்குழாயை அடைத்துவிடும். செத்த சதைக்கு ரத்தம் போகாது, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால் செத்த பகுதியைச் சுரண்டி எடுத்தே ஆகவேண்டும். மூக்கு, சைனஸ், சில பேருக்கு மேல்தாடை, மிக மோசமானால் கண். கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில்தான் அது அதிகம் வந்தது. 2021 மே, ஜூனில் அந்தப் பூஞ்சைக்கான ஆம்போடெரிசின் ஊசிக்கு ஊரெல்லாம் அலைந்தார்கள்.

எண்ணூர், ஒரு கல்லூரி மாணவர்: அந்த நேரத்தில் ரத்தம் கிடைத்ததா?

திண்டாட்டம்தான். கல்லூரிகள் மூடியதால் முகாம்களே இல்லை. உறவினர்களைக் கூட்டிவரச் சொன்னால் வழியில் இ-பாஸ், அதாவது ஊரடங்கில் பயணம் செய்ய அனுமதிச் சீட்டு, கேட்டார்கள். உங்கள் கல்லூரியில் இப்போது முகாம் நடந்தால் கட்டாயம் கொடுங்கள்.

மூலக்கடை: கொரோனா வந்து போனால் எத்தனை நாள் கழித்து ஆபரேஷன் செய்யலாம்?

116 நாடுகளில் 1.4 லட்சம் நோயாளிகளைப் பார்த்து, ஏழு வாரம் பொறுத்தால் நல்லது என்று 2021-ல் ஓர் ஆய்வு சொன்னது. அது பெரும்பாலும் தடுப்பூசிக்கு முந்தைய நிலவரம். இப்போது லேசாக வந்து போனவருக்கு அவ்வளவு காத்திருக்கச் சொல்வதில்லை. மூச்சு வாங்குகிறதா, மாடி ஏற முடிகிறதா, என்ன ஆபரேஷன் என்று பார்த்து முடிவு செய்கிறோம். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். காய்ச்சல் வந்ததை மறைக்காதீர்கள், தேதி போய்விடும் என்று பயந்துகூட.

திருவொற்றியூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: மறுபடி இப்படி ஒன்று வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

தொற்றுக்கு ஓர் இடம், ஆபரேஷனுக்கு வேறு இடம் என்று முதல் நாளே பிரிக்க வேண்டும் ஐயா. இது நம் பகுதிக்குப் புதிதில்லை. காலரா, அம்மை போன்ற தொற்றுகளுக்கென்றே தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறதே. 2020-ல் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் எல்லாமும் கலந்துதான் நடந்தது. கொரோனா அண்டாத தனி வளாகத்தில் செய்த ஆபரேஷன்களில் நுரையீரல் சிக்கல் பாதிக்கும் குறைவு என்று கோவிட்சர்ஜ் குழுவே பிறகு காட்டியது. புறநகர் அரசு மருத்துவமனை ஒன்றிரண்டை ஆபரேஷனுக்கு மட்டும் வைத்திருந்தால்கூடப் பலர் தப்பியிருப்பார்கள்.

அதோடு காத்திருப்புப் பட்டியலைக் கையில் எடுத்து, வாரம் ஒருமுறை ஒருவர் போன் செய்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். அதற்கு டாக்டர்கூட வேண்டியதில்லை. ஒரு நோட்டும் ஒரு போனும் போதும்.

கொருக்குப்பேட்டை, ஒரு மகள்: அம்மாவுக்குப் பித்தப்பைக் கல். 2020-ல் தள்ளிவைத்தார்கள். இப்போது வலி இல்லை, வேண்டாம் என்கிறார். பழைய ஓ.பி. சீட்டு மட்டும் இருக்கிறது.

வலி இல்லாவிட்டாலும் கல் உள்ளேயேதான் இருக்கும் அம்மா. நடுவில் ஒரு தடவையாவது வலி வந்து போயிருந்தால் திரும்ப வர வாய்ப்பு அதிகம். கல் நழுவிக் குழாயை அடைத்தால் காமாலையும், கணையத்தில் வீக்கமும் வரும். அந்தச் சீட்டைத் தூக்கிப்போடாதீர்கள். பழைய ஸ்கேன் இப்போது உதவாது, புதிதாக எடுக்க வேண்டும். அதனால் காலையில் எதுவும் சாப்பிடாமல், சர்க்கரை இருந்தால் அதற்கான மாத்திரையும் போடாமல் கூட்டிவாருங்கள். கையில் டிபன் இருக்கட்டும், ஸ்கேன் முடிந்ததும் கொடுக்கலாம். காப்பீட்டு அட்டை, ஆதார் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கெல்லாம் சர்ஜரி ஓ.பி. வரிசையில் நின்றுவிடுங்கள். "2020-ல் தள்ளிவைத்த கேஸ்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.