கிக்போர்டை விட்டால் கால்கள் ஏன் தாழ்கின்றன?

கேள்வி: எட்டு வயதான என் மகள் மூன்று மாதங்களாக நீச்சல் பழகுகிறாள். கிக்போர்டைப் (கைகளால் பிடித்துக்கொண்டு உதைத்துப் பழகும் மிதவைப் பலகையை) பிடித்துக்கொண்டால் 25 மீற்றர் தடாகத்தின் மறுகரை வரை போய்விடுகிறாள். அதைக் கையிலிருந்து எடுத்துவிட்டாலோ கால்கள் கீழே போய், பயந்து நின்றுவிடுகிறாள். விடுமுறையில் கடலில் பழகுவதற்குக் கிக்போர்ட் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: கால்களைக் குறை சொல்லுமுன் மகளின் தலை எங்கே இருக்கிறதென்று கவனியுங்கள். முகத்தை நீருக்கு மேலே நிமிர்த்தியபடி கிக்போர்டைப் பிடித்துச் செல்லும் பிள்ளைக்குத் தலை உயர உயர இடுப்பு தாழும். கைகளையும் மார்பையும் பலகை தாங்கிக்கொள்வதால் அந்தப் பிழை அவளுக்கும் தெரியாது, கரையில் துவாயுடன் காத்திருக்கும் நமக்கும் தெரியாது. பலகை போனதும் பழக்கதோஷத்தில் தலையை உயர்த்துகிறாள். தாங்க ஒன்றுமில்லாததால் கால்கள் அமிழ்கின்றன.

எனவே பலகையைப் பிடிக்கும்போதே முகத்தை நீரில் வைத்து, தடாகத்தின் அடித்தளத்தைப் பார்த்தபடி மூச்சை மெல்ல வெளியே விட்டு, உள்ளிழுப்பதற்கு மட்டும் தலையை உயர்த்தப் பழக்கும்படி பயிற்றுநரிடம் கேளுங்கள். அதோடு, பலகையே இல்லாமல் சுவரைக் காலால் உந்தி, கைகளை நீட்டி வழுக்கிச் சென்று, நாலைந்து உதை மட்டும் உதைத்து நிற்கும் பயிற்சி ஒவ்வொரு வகுப்பிலும் இருக்க வேண்டும். பிள்ளைகள் கூடிய வகுப்புகளில் பலகையைக் கொடுத்துவிட்டால் எல்லோரையும் சமாளிப்பது சுலபம் என்பதால் இந்தப் பயிற்சி விடுபட்டுப்போவதுண்டு. என் அபிப்பிராயத்தில் வகுப்பு நேரத்தில் பாதிக்குமேல் பலகை கையில் இருக்கக் கூடாது.

உதை இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். முழங்கால் சற்றே மடியலாம், கணுக்கால் தளர்ந்திருக்க வேண்டும். மல்லாந்து படுத்து, பலகையைத் தொடைகளின் மேல் நீட்டிப் பிடித்தபடி உதைக்கச் சொல்லுங்கள். முழங்கால்கள் பலகையில் இடித்தால் சைக்கிள் மிதிக்கிறாள் என்று அர்த்தம்.

கடலுக்கு வேண்டவே வேண்டாம். கிக்போர்ட் பயிற்சிக் கருவியேயன்றி உயிர்காப்புச் சாதனம் அன்று. ஈரக் கையிலிருந்து ஓர் அலையிலேயே நழுவிவிடும், நழுவாவிட்டாலும் காற்றும் நீரோட்டமும் பிள்ளையை ஆழத்துக்கு இழுத்துச் செல்லக்கூடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் உங்கள் வெள்ளவத்தை ரயில் பாதைக்கு அப்பாலுள்ள கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தடாகத்திலும் கூட, பலகை கையில் இருக்கிறதே என்று நம்பிவிடாமல், கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்.